தொட்டி மாமா

பதினான்காவது அத்தியாயம்

பதினோரு நாட்களாக அந்த வீட்டில் அம்மாவுக்குத் தபால்காரி வேலை.

"உன் பொண்ணு சாப்பிட்டாளான்னு கேளு" என்று அப்பா சுவரைப் பார்த்துச் சொல்வார். "வெளியில பார்த்துக்கிறேன்னு சொல்லும்மா" என்று மகள் தன் செருப்பைப் பார்த்துச் சொல்வாள். இரண்டு பேரும் நிற்பது ஒரே கூடத்தில்தான். நடுவில் ஐந்தடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் துரை.

துரை ஒரு மஞ்சள் பாரை. கடல் மீன். இரண்டு வருடங்களுக்கு முன் வந்தபோது சுண்டுவிரல் நீளம்தான் இருந்தான். எலுமிச்சை நிறம், கறுப்புக் கோடு போட்ட சட்டை, நீச்சலில் ஒரு தோரணை. அதைப் பார்த்து அம்மா வைத்த பெயர்தான் துரை. இப்போது முழங்கையைத் தாண்டிய நீளம். திரும்ப வேண்டுமானால் உடம்பை வில்லாக வளைத்தாக வேண்டும். கண்ணாடியில் இடித்து இடித்து மூக்கு நுனி தோலுரிந்து வெளுத்துக் கிடந்தது.

அப்பாவை வட்டாரத்தில் கண்ணாடிக்காரர் என்றால்தான் தெரியும். முப்பது வருடமாக வீடுகளுக்கு மீன் தொட்டி செய்து கொடுக்கிறார். தொட்டியோடு மீனும் கொடுப்பார். துரைதான் அவர் கடையின் விளம்பரப் பலகை. தயங்குகிற வாடிக்கையாளர்களை வீட்டுக்கே அழைத்துவந்து காட்டுவார்.

மகளுக்கு வீட்டுப் பெயர் வாத்து. சின்ன வயதில் குளிக்க இறங்கினால் தண்ணீரை விட்டு எழுந்திருக்க மாட்டாளாம். வளர்ந்தும் எழுந்திருக்கவில்லை. கடல் மீன் காட்சியகத்தில், தண்ணீருக்குள் இறங்கி மீன்களைப் பராமரிக்கும் வேலை.

பதினோரு நாட்களுக்கு முன் வாத்து அந்த மூக்கைப் பார்த்துவிட்டு வாய் தவறினாள். "இது வியாபாரம் இல்லப்பா. சித்திரவதை."

"இந்தச் சித்திரவதைதான் உன்னைப் படிக்க வெச்சுது" என்றார் அப்பா. அதோடு இரண்டு பக்கமும் கதவு சாத்தியாகிவிட்டது.

இன்று காலை அவள் வேலைக்குக் கிளம்பியபோது துரை தொட்டியில்தான் இருந்தான். பத்து மணிக்கு அம்மா நான்கு முறை கைப்பேசியில் அழைத்திருக்கிறாள். நீச்சல் உடை மாட்டியபின் கைப்பேசி பூட்டிய அலமாரிக்குள் போய்விடும். வாத்துக்கு ஒன்றும் தெரியாது.

பதினொரு மணி. பெரிய தொட்டியின் முன்னால் கூட்டம் நெருக்கியடித்து நின்றது. தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடி. அதற்குப் பின்னால் பாரைகளின் கூட்டம் ஒன்று, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல, மொத்தமாகத் திரும்பி மொத்தமாகப் போயிற்று.

தினமும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வாத்துக்கு இரண்டு பேச்சு. முதல் மாதம் பேசியபோது குழந்தைகள் கொட்டாவி விட்டார்கள். பயத்தில் ஒருநாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறொரு குரலில் பேசிப் பார்த்தாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து தொட்டி மாமா பிறந்துவிட்டார். இப்போது அவருக்காகவே இரண்டாம் முறை வருகிறவர்கள் உண்டு.

அந்தக் குரல் யாருடையது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டால் "கண்ணாடி வியாபாரம்" என்பாள். பொய் இல்லை. பாதி உண்மை. அப்பா இங்கே வரவே போவதில்லை என்ற தைரியம் மீதியைப் பார்த்துக்கொண்டது.

"தொட்டி மாமாவை உங்க எல்லாருக்கும் தெரியும்" என்று ஆரம்பித்தாள். "எல்லாத் தெருவுலயும் ஒருத்தர் இருப்பாரு. கடல்ல ஒரு நாளைக்கு எவ்வளவோ தூரம் நீந்துற இந்தப் பாரையை, உங்க வீட்டு சோபா அளவு தொட்டியில போட்டுக் குடுப்பாரு."

தொண்டையைக் கனைத்தாள். "'மீன் பெருசாகாதா மாமா?' 'அட, அது தொட்டிக்கு ஏத்த மாதிரிதான் சார் வளரும்! நம்ம காலு செருப்புக்கு ஏத்த மாதிரி வளரலையா?'"

சிரிப்பு எழுந்தது. மூன்றாவது வரிசையில், தூணை ஒட்டி, விசேஷத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் ஒருவர் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். கையில் நுழைவுச் சீட்டு.

அப்பா.

வாத்தின் வாய் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கையும் பழக்கத்தில் எழுந்தது. நடுவிரல் முட்டியால் கண்ணாடியை இரண்டு முறை தட்டினாள். டொக், டொக். "'நல்ல கண்ணாடி சார். யானை முட்டினாலும் தாங்கும்.'"

அப்பா தன் வலது கையைக் குனிந்து பார்த்தார். விரல் முட்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது, ஆனால் அதில் ஆள் இல்லை.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி அடுத்த வரிக்காகத் துள்ளிக்கொண்டிருந்தாள். ஏற்கனவே ஒருமுறை வந்தவள் போலிருக்கிறது. "போரடிக்காதா மாமா!" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"'மீனுக்கு மறதி ஜாஸ்தி பாப்பா'" என்றாள் வாத்து. குரல் கொஞ்சம் பிசிறியது. "'ஒரு சுத்து சுத்தி வர்றதுக்குள்ள பழைய சுவர் மறந்துடும். தினமும் புது வீடு!'"

கைதட்டல். அவளுக்குக் காது மடல் எரிந்தது.

"கேள்வி ஏதாவது இருக்கா?" என்று கேட்பதும் வழக்கம். கேட்டாள்.

தூணோரத்தில் கை உயர்ந்தது. "மேடம்."

பெற்ற தகப்பன் தன்னை 'மேடம்' என்று கூப்பிட்ட அந்த நொடியில், தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"அந்த மாதிரி ஒரு ஆளு… அவர் வீட்டுலயே ஒரு பாரை இருக்குன்னு வைங்க. அதை இங்க கொண்டு வந்தா வாங்கிப்பீங்களா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. இதுவும் வேடிக்கையின் பகுதி என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள்.

"பின்வாசல்ல… கவுண்டர்ல கேட்கணும்" என்றாள். "பதினொன்றரைக்குத் திறப்பாங்க."

"ரொம்ப நன்றிங்க மேடம்" என்றார் அப்பா.

பின்வாசலில் ஒரு சிறிய சரக்கு வண்டி நின்றது. அதன் மேல் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய். மூடியில் போட்ட ஓட்டை வழியாகக் காற்றுக்குழாய். வண்டிக்காரர் காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

கவுண்டர்காரி படிவத்தை எடுத்தாள். பக்கத்தில் சீஃப் நின்றிருந்தார். மீன் பராமரிப்புப் பிரிவுக்குத் தலைவர். அனாவசியமாக ஒரு சொல் பேசாத மனிதர். அவருக்குப் பின்னால், ஈர உடையோடு, வாத்து.

"பொதுவா நாங்க வாங்குறதில்ல" என்றார் சீஃப். "ஆளாளுக்குக் கொண்டு வந்தா இடம் எங்க? பாரைன்னு சொன்னதால பார்க்கிறேன்." மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். வெகுநேரம் பார்த்தார். "எந்தப் புண்ணியவான் வேலை இது?"

"நான்தாங்க" என்றார் அப்பா.

சீஃப் டார்ச்சை அணைத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கவுண்டர்காரி படிவத்தை வாசித்துக்கொண்டே நிரப்பினாள். மீனின் பெயர். எத்தனை வருடம். தொட்டியின் அளவு. "அஞ்சடிக்கு ரெண்டடி" என்றபோது அப்பாவின் குரல் இறங்கியது. முப்பது வருடமாகப் பெருமையாகச் சொல்லி வந்த அளவு அது.

"இங்க வேலை பார்க்கிறவங்க யாராவது உங்களுக்குச் சொந்தமா?"

வாத்து தலையைத் தூக்கினாள். 'நான்' என்ற ஒரு சொல் போதும். அது தொண்டைவரை வந்தது.

"யாருமில்லீங்க" என்றார் அப்பா, அவளைப் பார்க்காமல்.

வந்த சொல் திரும்பி உள்ளே போய்விட்டது. போகட்டும் என்று ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியைத்தான் பிறகு நாள் முழுக்க அவளால் சகிக்க முடியவில்லை.

மீனை உடனே விட முடியாது. பீப்பாய்த் தண்ணீரில் இங்கத்துத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் அப்பா ஒரு கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை முழுக்க உப்புத் தண்ணீர்க் கறை. போகிற வருகிற ஊழியர்கள் பீப்பாயை எட்டிப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். ஒரு பயிற்சிப் பெண் வாத்தின் காதில், "அசல் தொட்டி மாமாவே வந்துட்டார் போல!" என்று கிசுகிசுத்தாள். கிசுகிசு கொஞ்சம் சத்தமாகவே விழுந்தது.

வாத்து குழாயைத் திருகுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தூக்கணும்" என்றார் சீஃப். "இந்தப் பக்கம் நீ. அந்தப் பக்கம், ஐயா, நீங்களே பிடிங்க."

அப்பாவும் மகளும் ஆளுக்கொரு கைப்பிடி. பீப்பாய் கனத்தது. படியில் ஏறும்போது தண்ணீர் அலம்பி இரண்டு பேர் மேலும் கொட்டியது. "மேடம், பார்த்து. வழுக்கும்" என்றார் அப்பா, மெதுவாக. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

புதிதாக வரும் மீன்களைத் தனியாக வைத்துப் பார்க்கும் குளம் வட்டமானது. வீட்டுக் கூடத்தைப்போல மூன்று கூடம் உள்ளே அடங்கும். மூலையே கிடையாது. பீப்பாயைச் சாய்த்தார்கள். துரை வழுக்கிக்கொண்டு இறங்கினான்.

சிறிது நேரம் அசையாமல் நின்றான். பிறகு கிளம்பினான். ஐந்தடி நேராகப் போனான். உடம்பை வில்லாக வளைத்துத் திரும்பினான். ஐந்தடி வந்தான். வளைத்துத் திரும்பினான்.

சுற்றிலும் வெறும் தண்ணீர். இடிக்க எதுவுமில்லை. ஆனால் அதே ஐந்தடி. அதே திருப்பம். மறுபடியும். மறுபடியும்.

"அங்கதான் சுவரே இல்லையே" என்றார் அப்பா.

துரை மறுபடியும் அதே இடத்தில் திரும்பினான்.

"அங்க சுவர் இல்லடா துரை. போடா… போயேன்டா."

அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. வாத்து அவர் பக்கம் ஓர் அடி வைத்தாள். அதற்குள் அவர் காலிப் பீப்பாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். அவசர அவசரமாக, திருட்டுப் பொருளோடு பிடிபட்டவரைப்போல.

சீஃப் குளத்தைப் பார்த்தபடியே கேட்டார். "தெரிஞ்சவரா?"

"ஏன் சீஃப்?"

"பீப்பாயைத் தூக்கும்போது ரெண்டு பேரும் ஒரே மாதிரி உதட்டைக் கடிச்சுக்கிட்டீங்க."

இதற்குமேல் மறைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. "எங்க அப்பா" என்றாள். சொன்னதும் கண்ணில் நீர் முட்டியது. "தொட்டி மாமா குரல் அவர் குரல்தான். எல்லா வரியும் அவர் சொன்னதுதான். நான் எதையும் கற்பனை பண்ணலை."

சீஃப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்குப் பேச்சு இருக்கில்ல உனக்கு?"

"இருக்கு."

"சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நாலு மணிக் கூட்டம் காலையை விடப் பெரிது. ஒரு பள்ளிக்கூடமே வந்திருந்தது. "தொட்டி மாமா! தொட்டி மாமா!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

"இன்னைக்கு அவர் வரமாட்டாரு" என்றாள் வாத்து. குரலைச் சரிசெய்துகொண்டாள். "அவர் யாருன்னு சொல்லிடறேன். அவர் எங்க அப்பா."

கூட்டம் இடி விழுந்ததுபோலச் சிரித்தது.

"நிஜமாத்தான் சொல்றேன். காலையில அவர் வந்தாரு. இங்கதான் நின்னாரு. நான் அவர் முன்னாலயே…"

இன்னும் சிரித்தார்கள். ஓர் ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வாத்து அழ ஆரம்பித்திருப்பதைக்கூட நல்ல நடிப்பு என்று நினைத்தார்கள். ஒரு பையன் கண்ணாடியை விரல் முட்டியால் தட்டினான். டொக், டொக். அவள்தான் கற்றுக்கொடுத்தது. ஐந்து மாதமாக, ஒரு நாளைக்கு இரண்டு தடவை.

முகத்தை மைக்கிலிருந்து விலக்கிக்கொண்டு நின்றாள். சிரிப்பு தானாக ஓய்ந்தபோது, பாரைகளைப் பற்றி நாலு தகவல் சொல்லி முடித்துக்கொண்டாள். கைதட்டல் சுமாராக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது பொழுது சாயவில்லை. தொட்டி காலியாக இருந்தது. அப்பா தரையில் உட்கார்ந்து அடிமட்டத்துத் தண்ணீரைக் குழாயால் வாளிக்கு இறக்கிக்கொண்டிருந்தார்.

அம்மா சமையலறை வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன நடந்துச்சுன்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்களேன். தபால்காரிக்கும் கடுதாசியைப் பிரிச்சுப் படிக்க ஆசை இருக்காதா?"

வாத்து அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா."

அவர் குழாயை விடவில்லை. "நல்லாப் பேசுற" என்றார். "கூட்டத்தைக் கட்டிப்போடுறது எல்லாருக்கும் வராது. எனக்குப் பெருமையா இருந்துச்சு."

"அப்பா, ப்ளீஸ்."

"நிஜமாத்தான். முதல்ல நானே சிரிச்சேன். யாரோ ஒரு மடையன்னு நினைச்சு சிரிச்சேன்." வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தத் தட்டு தட்டினியே, அப்பத்தான்…"

"கவுண்டர்ல ஏன் யாருமில்லைன்னு சொன்னீங்க?"

"உனக்கு அங்க ஒரு மரியாதை இருக்கு."

"நான் வாயைத் திறந்திருக்கணும். திறக்கல. என்னை மன்னிச்சுடுங்கன்னு சொல்றதுக்குக்கூட எனக்கு வெட்கமா இருக்கு."

அம்மாவுக்கு விஷயம் அரைகுறையாகப் புரிந்தது. அதற்குள் அழுகை முழுசாக வந்துவிட்டது.

அப்பா குழாயை எடுத்து ஓரமாக வைத்தார். "துரை சுத்துறானா? இன்னும் அதே மாதிரியா?"

"கிளம்பும்போது பார்த்தேன். கொஞ்சம் அகலமா திரும்புறான். ஒரு அடி, ஒன்றரை அடி."

அவர் தலையாட்டினார். சட்டையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார். "துரை மாதிரி பதினேழு குடுத்திருக்கேன். எந்த வீட்டுல எந்தத் தொட்டின்னு எனக்கு ஞாபகம் இருக்கு. எல்லாரையும் கூப்பிடப் போறேன். நீ பக்கத்துல இரு. இல்லேன்னா நான் பாதியில மழுப்பிடுவேன்."

முதல் எண்ணை அழுத்தினார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைத்தார். மறுமுனையில் ஒரு பெண் எடுத்தாள்.

"கண்ணாடிக்காரன் பேசறேன்மா. போன வருஷம் நாலடித் தொட்டியும் மஞ்சள் பாரையும் குடுத்தேனே…"

"ஐயோ, நீங்களா!" என்றாள் அவள். குரல் திடுக்கிட்டு உள்ளே போயிற்று. "நானே கூப்பிடணும்னு ஒரு மாசமா நினைக்கிறேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம… கோபிச்சுக்காதீங்க. நீங்க ஆசையாக் குடுத்த மீனு. நான் சரியாப் பார்த்துக்கலை. ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு நீந்துது. சாப்பாடு மாத்தினேன், தண்ணி மாத்தினேன். என் கை ராசி சரியில்ல. வீட்டுக்கு வர்றவங்க பார்த்துடுவாங்கன்னு தொட்டி மேல துணி போட்டு வெச்சிருக்கேன்."

அப்பா கண்களை மூடிக்கொண்டார்.

"இப்ப எங்கம்மா இருக்கு அது?"

"பார்க்க முடியலைன்னு எங்க வீட்டுக்காரர் இப்பத்தான் வாளியில எடுத்துட்டுப் போனார். ஏரியில விட்டா பொழைச்சுக்கும்னு. போய்க் கால் மணி நேரம்கூட ஆகலை."

"ஏரியா?" வாத்து எழுந்துவிட்டாள். "அது உப்புத் தண்ணி மீனுங்க! நல்ல தண்ணியில விட்டா செத்துடும். அவருக்குப் போன் போடுங்க!"

"போனை இங்கயே வெச்சுட்டுப் போயிட்டாரே!"

வாத்து சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அப்பா நீலப் பீப்பாயை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தார். தரையில் கிடந்த கைப்பேசியிலிருந்து அந்தக் குரல் இன்னும் கேட்டது. "ஹலோ… நான் சரியாப் பார்த்திருந்தா அது நல்லா இருந்திருக்குமில்ல? உண்மையைச் சொல்லுங்க."

அப்பா நின்றார். திரும்பி வந்தார். பீப்பாயைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார்.

"உங்க மேல தப்பே இல்லம்மா. அதை அந்தத் தொட்டியில யாராலயும் வாழ வைக்க முடியாது. எனக்கு அது தெரியும். முதல் மீனு சாகும்போதே தெரியும். தெரிஞ்சுதான் உங்களுக்குக் குடுத்தேன்."

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

வாசல்படியில் நின்ற வாத்துக்கும் அது கேட்டது. பாவம், தெரியாமல் செய்துவிட்டார் என்று இத்தனை நேரம் அவள் தனக்குள் சொல்லிச் சொல்லித்தான் இந்த வீட்டுக்குள்ளேயே வந்திருந்தாள்.

அப்பா பீப்பாயோடு வெளியே வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். வண்டியில் ஏறலாமா, கூடாதா என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

வாத்து வண்டியைக் கிளப்பினாள். திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"அவங்க வீட்டுலருந்து ஏரிக்கு எந்த வழிப்பா?"